‘ஷர்ட்’டும் சட்டையும் உறவுச் சொற்களா?

முகச்சாயல் ஒத்தவர் அனைவரும் ஒரு குடியிற் பிறந்தவர் அல்லர். ஒரு வயிற்றிற் பிறந்தவரும் சில வேளைகளில் சாயலால் வேறுபட்டுத் தோன்றுவர். உறவை முடிவு செய்வது முகமன்று, குடிவழியே. சொல்லாராய்ச்சிக்கும் இதுவே முதல் விதி. இவ்விதியை மறந்து, ஒலி ஒத்திருப்பது ஒன்றையே சான்றாகக் கொண்டு, பிறமொழிச் சொற்கள் பலவற்றைத் தமிழென்று நாட்ட முயல்வார் உளர். அம்முயற்சி தமிழுக்கு ஆக்கம் தேடுவதுபோல் தோன்றினும், முடிவில் இழப்பையே தரும். நாள்தோறும் வழங்கும் உடைப் பெயர்கள் சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஊர்ப்பெயர் தரும் பாடம்

முதற்கண், சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள செங்காங் என்னும் புதுநகரை நோக்குக. செங்கல், செங்கதிர், செங்காடு என்னும் சொற்களோடு பழகிய தமிழ்ச் செவிக்கு, இப்பெயரும் செம்மை என்னும் அடியிற் பிறந்ததாகவே தோன்றும். ஆயின் அது சீனப் பெயர். ‘வளங்கொழிக்கும் துறைமுகம்’ என்பது அதன் பொருள். சிராங்கூன் ஆற்றங்கரையில் முன்பிருந்த கங்கார் என்னும் மீனவர் சிற்றூரின் பெயரிலும் துறையைக் குறிக்கும் அச்சீனச் சொல்லே உளது. அதே நகரின் இலகு ரயில் நிலையங்களுள் ஒன்றுக்குத் தங்கம் என்று பெயர். இது தமிழர் பொன்னைக் குறிக்க வழங்கும் சொல்லே ஆகும். இரு பெயர்களும் தமிழ்போல் ஒலிக்கின்றன. ஒன்றே தமிழ்ப் பெயர். செவி மட்டும் தீர்ப்பளித்தால் இவ்வேறுபாடு புலப்படாது.

ஆங்கிலத்தின் மூன்று உடன்பிறப்புகள்

மேலுடம்பில் அணிவதை ஆங்கிலேயர் ‘ஷர்ட்’ என்பர். இடைக்குக் கீழே பெண்டிர் அணிவது ‘ஸ்கர்ட்’. குறுமையைச் சுட்டும் சொல் ‘ஷார்ட்’. பொருளால் மூன்றும் வெவ்வேறு. எனினும் மூன்றும் ஓரடியிற் பிறந்தவை. ‘வெட்டுதல்’ என்பதே அவ்வடியின் பொருள். வெட்டப்பட்டது குறுகும், குறுக வெட்டிய துணியால் ஆகியது குற்றாடை. இக்குற்றாடையின் பழைய ஆங்கிலப் பெயரே ‘ஷர்ட்’ ஆயிற்று.

‘ஸ்கர்ட்’ எவ்வாறு வந்தது? கி.பி. 793இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கிய வடபுல வைக்கிங்குகள், 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினர். அவர்தம் மொழி ஆங்கிலத்திற்கு உடன்பிறந்த மொழி. ஆங்கிலம் சொல்லின் முதலில் இருந்த ‘ஸ்க்’ என்னும் ஒலியை ‘ஷ்’ என மாற்றிக்கொண்டது. வடபுல மொழி அதனை மாற்றாது காத்தது. ஆகவே ஒரே உடையின் பெயர் ஒருபுறம் ‘ஷர்ட்’ என்றும், மறுபுறம் ‘ஸ்கர்ட்’ என்றும் நின்றது. இரண்டும் ஒரு நாட்டில் சேர்ந்தபின், ஒன்று மேலாடைக்கும் மற்றொன்று கீழாடைக்கும் உரியதாயிற்று. ஆங்கிலேயர் மீனை ‘பிஷ்’ என்பதும், டேனியர் ‘பிஸ்க்’ என்பதும் இம்மாற்றத்திற்குத் துணைச்சான்றாம்.

தமிழாசிரியர்க்கு இம்முறை புதியதன்று. கன்னடத்தார் ‘கிவி’ என்பதைத் தமிழர் ‘செவி’ என்பர். அவர் ‘கெம்பு’ என்னுமிடத்துத் தமிழர் ‘செம்மை’ என்பர். இகர எகரங்களுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. கிளி, கெடு என்பன போலப் பின்னே ளகர டகரங்கள் வருமிடத்து அம்மாற்றம் நிகழவில்லை. இவ்வாறு விதியும் விலக்கும் வகுத்துக் காட்ட இயலுமாயின் அஃது உறவு. 1856இல் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நிலைபெற்றமைக்குக் காரணமும், அது தனிச்சொற்களின் ஒலியொப்புமையோடு நில்லாது, ஒலிமுறையையும் இலக்கண அமைப்பையும் ஆராய்ந்தமையே.

சட்டையின் குடிவழி

இனிச் சட்டைக்கு வருவோம். ‘ஷர்ட்’ என்பதே சட்டையாயிற்று என்பார் சிலர். சட்டையே ‘ஷர்ட்’ ஆயிற்று என்பார் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. பாம்பு உரித்த தோலைப் பாம்புச் சட்டை என்கின்றனர் நாட்டுப்புற மக்கள். மலையாளத்தில் ‘சட்ட’ என்பது கிறித்தவப் பெண்டிர் அணியும் மேலாடையைக் குறிப்பதோடு நூலின் மேலட்டையையும் குறிக்கும். ‘படச்சட்ட’ என்பது போர்க்கவசம். ஆகவே, மேலே போர்த்து மூடுவது என்பதே இச்சொல்லின் கருத்து. ‘ஷர்ட்’டின் கருத்தோ வெட்டிக் குறுக்கியது என்பது. மேலும், ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஸ்க்’ என்னும் ஒலியோடு தொடங்கியது. பழமையை நோக்கிச் செல்லுந்தோறும் இவ்விரு சொற்களும் விலகுகின்றனவேயன்றி நெருங்கவில்லை. இன்றைய ஒலிப்பில் சந்தித்திருப்பது தற்செயலே.

தைத்த மேலாடைக்குத் தமிழில் வேறு பழஞ்சொல்லும் உண்டு. முல்லைப்பாட்டு அதனை மெய்ப்பை என்கிறது. உடம்பு புகும் பை என்னும் பொருள் தெளிவாய் நிற்கும் இச்சொல் தமிழரிடம் இருக்க, ‘ஷர்ட்’டைத் தமிழாக்கிப் பெருமை தேட வேண்டுவதில்லை.

இரு வழியில் வந்த இணை

தேக்கா வட்டாரத்துத் துணிக்கடைகளில் சல்வார் கமீஸ் தொங்குவதைச் சிங்கப்பூர்த் தமிழர் நாளும் காண்கின்றனர். மலாய்மொழியில் காற்சட்டைக்கு ‘செலுவார்’ என்றும், மேற்சட்டைக்குக் ‘கெமேஜா’ என்றும் பெயர். சல்வார் கமீஸும், செலுவார் கெமேஜாவும் ஒரே இணையே என்பதை உணர்வோர் சிலரே.

பாரசீகத்தில் ‘ஷல்வார்’ என வழங்கிய சொல், உருது வழியாக இந்தியாவில் சல்வார் ஆயிற்று. இஸ்லாமிய வணிகத் தொடர்பால் மலாயில் செலுவார் ஆயிற்று. அம்மலாய்ச் சொல்லையே மலாயாத் தோட்டத் தமிழர் ‘சிலுவார்’ எனத் தம் பேச்சிற் கொண்டனர். ஆகவே தமிழ் வழக்கில் ஒரே பாரசீகச் சொல் இருமுறை புகுந்துள்ளது: ஆடவர் காற்சட்டைக்குச் சிலுவார், மகளிர் உடைக்குச் சல்வார். ‘ஷர்ட்’டும் ‘ஸ்கர்ட்’டும் ஆங்கிலத்தில் நிற்கும் நிலையே இது.

மற்றொன்றின் பயணம் இன்னும் நெடியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்னும் துறவியார் இலத்தீனில் ‘கமீசியா’ என்னும் உடையைக் குறிப்பிடுகின்றார். அச்சொல் அரபியில் ‘கமீஸ்’ ஆகி, உருது வழியே தமிழகம் எய்தியது. போர்ச்சுக்கீசிய மொழியில் அது ‘கமீசா’. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியர் வழியே மலாயில் கெமேஜா தோன்றியது; சிங்களத்தில் ‘கமிசய’ என்பதும் அவர் தந்ததே. இச்சொற்களின் உறவுக்கு ஒலி மட்டுமன்று, வந்த வழியும் சான்று கூறுகிறது.

அருகிருந்தும் அயலானவை

இதற்கு மாறாக, ஆங்கில அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் ‘சாரி’யும் ‘சாரோங்’கும் உறவற்றவை. முன்னது வடமொழியில் துணியைக் குறிக்கும் ‘சாடீ’ என்பதன் வழிவந்தது. பின்னது உறை என்னும் பொருளுடைய மலாய்ச் சொல். ஈழத்தமிழர் சாரோங்கைச் சாரம் என்பர். நூலின் சாரமும், கொத்தனார் ஏறி நிற்கும் சாரமும் அதனோடு தொடர்புடையன அல்ல.

மலாய்க்காரர் உடுக்கும் கட்டமிட்ட கைலிக்குக் ‘காயின் பெலெக்காட்’ என்று பெயர். மலாயில் ஒட்டிக்கொள்வதை ‘லெக்காட்’ என்றும், ஒட்டப்படுவதைப் ‘பெலெக்காட்’ என்றும் கூறுவதால், உடலோடு ஒட்டும் துணி என்று பொருள்கொள்ளத் தோன்றும். உண்மை வேறு. அது பழவேற்காட்டின் பெயர். ஐரோப்பியர் புலிக்காட் என வழங்கிய தமிழகத் துறைமுகம். 1613இல் டச்சுக்காரர் அங்கே கோட்டை அமைத்ததற்குத் துணி வணிகமே பெருங்காரணம். சோழமண்டலக் கரையிலிருந்து கடல்கடந்த துணி, தன் ஊர்ப்பெயரையும் உடன்கொண்டு சென்றது.

ஆசிரியர் கடமை

மலாயில் வழங்கும் கப்பால், கெடை, பெத்தி, மோடால் என்பன முறையே கப்பல், கடை, பெட்டி, முதல் என்னும் தமிழ்ச் சொற்களே. பழவேற்காட்டுத் துணி போலவே இவையும் வணிக வரலாறு சான்று கூறும் உண்மைகள். ‘ஷர்ட்’டும் செங்காங்கும் தமிழே என்று வகுப்பில் கூறக் கேட்ட மாணவன், பின்னர் அவை பொய்யென அறியும்போது, கப்பலையும் கடையையும் சேர்த்தே ஐயுறுவான். பல மொழியினர் அருகருகே வாழும் நகரில் அவ்வையம் விரைவில் நகைப்பாகவும் மாறும். பொய்ச்சான்று மெய்ச்சான்றையும் கெடுக்கும்.

ஆகவே, ஒரு சொல் தமிழ்போல் ஒலிக்கும்போது ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதன் பழைய வடிவம் யாது? அதன் அடிப்பொருள் யாது? அஃது எவர் வழியே, எக்காலத்தில் வந்தது? இம்மூன்றும் ஒத்துவரின் உறவென்று துணிந்து கூறலாம். ஒவ்வாவிடின் தற்செயல் ஒப்புமை என விடுத்தலே அறிவுடைமை. தமிழின் உண்மைச் செல்வம் பெரிது. அதனைக் காட்டப் பிறர் உடையை இரவல் வாங்க வேண்டுவதில்லை.