பால் குடுக்க ஒரு இடம்

மதுரை புதுமண்டபத் தூண் ஒன்றில் சிவன் பன்றி முகத்தோடு, குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி நிற்கிறார். வேட்டையில் தாயை இழந்த 12 குட்டிகளுக்காகத் தாய்ப்பன்றியாக வந்து முலை கொடுத்தார் என்பது திருவிளையாடல் கதை. டெய்லர்கள் பல காலம் கடை போட்டிருந்த மண்டபம் அது. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்த சிவன் இவர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், குட்டிகளின் பசியை யாரும் தாயின் குணத்தோடு முடிச்சுப் போடவில்லை என்பதுதான். பால் வேணும், கொடுக்க யாராவது வரணும், அவ்வளவுதான்.

நாம் அப்படிப் பேசுவதில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் வந்ததும் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று ஆரம்பித்துவிடுகிறோம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பால் குடுக்கக்கூட வலிக்குது’ என்பது திண்ணைப் பேச்சு. பழைய கதையைப் புரட்டினால், குறுக்கே நின்றது பெரும்பாலும் தாய் இல்லை. அவளுடைய நேரத்தையும் இடத்தையும் கையில் வைத்திருந்தவர்கள்தான்.

பிறந்ததும் சேனை வைப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல குணம் என்று பேரெடுத்த ஒருவர் சீனித்தண்ணியைக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்த சீம்பாலை ஆகாத பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டவர்களும் உண்டு. மாடு கன்று போட்டால் மட்டும் அதே சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துத் தெருவுக்கே கொடுப்போம்! இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 100க்கு 60 பேர் அளவில்தான். அதே கணக்கெடுப்பில் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தையல் போட்டு அம்மாவை வார்டுக்குக் கொண்டுவருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. முன்பு சேனை வைத்த பெரியவர் கையில் இருந்த நேரம், இப்போது தியேட்டர் அட்டவணையில் இருக்கிறது.

அடுத்தது வேலை. 1892-ல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் பஞ்சாலை தொடங்கினார்கள். மில் சங்கு ஊதும் நேரம் ஒன்று, குழந்தைக்குப் பசிக்கும் நேரம் இன்னொன்று. பால் என்பது கிணறு மாதிரி, எடுக்க எடுக்கத்தான் ஊறும். ஒரு ஷிப்ட் முழுக்க எடுக்காவிட்டால் மார் கட்டிக்கொள்ளும், நாளடைவில் சுரப்பே குறையும். பிறகு வீட்டில் ‘அவளுக்குப் பால் பத்தலை’ என்று பேச்சு வரும்.

சென்னை மாகாணத்தில் பேறுகாலச் சட்டம் 1934-ல் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. என் தொழில்புத்தி உடனே இஃப் கண்டிஷனைத்தான் பார்க்கிறது: சரியாக ஐம்பது பேர் என்றால் காப்பகம் கிடையாது. 1976-ல் அந்த எண் முப்பதாக இறங்கியது. 1961 சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தந்தது. 2017-ல் விடுப்பு 26 வாரமானது. நடுவில் 1992-ல் பால்பவுடர் விளம்பரத்துக்கும் தடை வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற பெண்ணுக்கு இதில் எந்த இடைவேளையும் இல்லை. பூவை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். தூளி கட்ட ஒரு மரம் கிடைத்தால் அதுதான் அவளுக்குக் காப்பகம்.

2015 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு 350-க்கும் மேற்பட்ட இடங்களில், பெரும்பாலும் பேருந்து நிலையங்களில், பாலூட்டும் அறைகளைத் திறந்தது. சின்ன அறைதான். ஆனால் தாய்க்கு அறிவுரை சொல்லாமல் இடம் கொடுத்த திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை. (ஒரு ஊரில் அறை பூட்டிக் கிடந்தது, சாவி டைம்கீப்பரிடம் என்றார்கள். கைக்குழந்தையோடு யார் போய்க் கேட்பது?)

அதே ஆண்டு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் வந்தன. மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் ராஜாஜி மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கிய யோசனை இது. தானமாகக் கிடைக்கும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்து, எடை குறைவாகப் பிறந்த யாரோ ஒருவரின் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்.

மல்லிகைக்கு இன்னொரு உபயோகம் உண்டு. பிள்ளை இறந்துபோன தாய்க்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதைச் சோதித்து, பால் சுரப்பதைப் பூ நிஜமாகவே குறைக்கிறது என்று 1988-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அப்படிக் கட்டி வற்றவைத்த பாலை இன்று அந்தத் தாய் விரும்பினால் வங்கிக்குக் கொடுக்கலாம். அவளிடம் அதை வார்டில் ஒருவர் கேட்க வேண்டும். எப்போது கேட்பது, எந்த வார்த்தையில் கேட்பது என்பது, பாலைச் சூடாக்கி உறைய வைப்பதைவிடக் கஷ்டமான வேலை.