பாண்டியர் குதிரையும் குளம்பின் கதையும்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறியாத தமிழர் இலர். குதிரை வாங்கப் பாண்டியன் அளித்த பொன்னை வாதவூரர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். இறைவன் கொணர்ந்த குதிரைகளோ அன்றிரவே நரிகளாகி ஓடின. பக்தியோடு நாம் படிக்கும் இக்கதையினுள் வரலாற்று உண்மை ஒன்றும் பொதிந்துள்ளது. நற்குதிரை பாண்டிய நாட்டில் பிறப்பதன்று. கடல் கடந்தே வரவேண்டும். அதற்குக் கருவூலத்தையே திறக்கவேண்டும் என்பதே அது.

கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைச் சங்க நூலாகிய பட்டினப்பாலையே கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இவ்வணிகம் மிக ஓங்கி நின்றது. ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வந்த மரக்கலங்கள், தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்திலிருந்த காயலில் குதிரைகளை இறக்கின. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் அவ்விலை கொடுக்கப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். 1290-களில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்குமேல் வாங்கியும், ஆண்டிறுதியில் 100 கூட எஞ்சுவதில்லை என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் இருவர் எழுத்தும் ஒரே இழப்பைச் சுட்டுகின்றன.

குதிரைகள் ஏன் மடிந்தன? பேணும் முறை தெரியாமையே காரணம் என்பது மார்க்கோ போலோவின் விடை. லாடம் கட்டுவோர் அந்நாட்டில் இல்லை. வணிகர் அவர்களை அழைத்து வருவதுமில்லை, பிறர் போவதையும் தடுத்தனர். குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தால் விற்பனை குறையுமன்றோ! வசாஃப் கூறுவதும் சிந்திக்கத்தக்கது. வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் ஊட்டி, கயிற்றாலும் முளையாலும் 40 நாள் லாயத்தில் கட்டி வைத்துக் கொழுக்கச் செய்தனராம். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டினராம். அன்பு இருந்தது, செலவும் இருந்தது, அறிவுதான் இல்லை.

கட்டிய இடத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பில் என்ன நேரும் என்பதை இன்று நாம் அறிவோம். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தை போன்ற பகுதி ஒன்று உண்டு. அதன் இருபுறமும் உள்ள பள்ளங்களில் சாணமும் ஈரமும் அடைந்து காற்றுப் புகாதிருப்பின், நுண்கிருமிகள் பெருகும். கரிய கசிவும் பொறுக்கவொண்ணா நாற்றமும் தோன்றும். முற்றினால் குதிரை நொண்டும். அளவுக்கு மீறிய தானியமோ குளம்பின் உட்பகுதியையே வீங்கச் செய்து குதிரையை வீழ்த்திவிடும். பாண்டியர் லாயத்தில் இந்நோய்கள் இருந்தன என்று அவ்விருவரும் எழுதவில்லை. அவர்கள் வருணிக்கும் நிலை இவற்றுக்கு ஏற்ற நிலை என்பதே என் கருத்து.

இதற்கு மருந்தினும் மேலானது காப்பு. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கர் செனபோன், ஈரமான வழவழப்பான தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றும், லாயத்தின் தரை நீர் வடியுமாறு சரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார். நாள்தோறும் குளம்பைச் சுரண்டித் துப்புரவு செய்தல், உலர்ந்த படுக்கை, நடை, ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவுதல் ஆகிய இவற்றுக்குப் பொன் வேண்டுவதில்லை.

2005 வாக்கில் நான் தில்லிக்கு வந்தபோது, பழைய தில்லியில் டோங்காக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் மாலை, லாடம் கட்டும் முதியவர் ஒருவர் நொண்டிய குதிரையின் காலைத் தம் மடிமேல் ஏந்தி, வளைந்த இரும்பால் குளம்பைச் சுரண்டினார், முகர்ந்தும் பார்த்தார். புதிய லாடத்தோடு காத்திருந்த வண்டிக்காரரிடம், "லாடம் கிடக்கட்டும், பையா! முதலில் குதிரை நிற்கும் இடத்தைப் பெருக்கி உலர்த்துங்கள்" என்றார். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தன் விற்பனையைத் தானே தடுத்த அம்முதியவரையும், லாடம் கட்டுவோரைத் தடுத்த பழைய வணிகரையும் என் மனம் அன்று ஒப்பிட்டுப் பார்த்தது.

காயலில் குதிரை இறங்கியது. குதிரையைக் காக்கும் கை இறங்கவில்லை. பொன் கொடுத்துப் பெற்றதை, பேணும் அறிவின்றிப் பாண்டிய நாடு இழந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாமும் பலவற்றை வாங்கிக் குவிக்கிறோம். அவற்றைக் காக்கத் தெரிந்த எளிய கைகளை மதித்து, அவர்களிடம் கேட்டறியும் பணிவு நமக்கு உண்டா? இரவோடிரவாகப் பரிகள் நரிகளாவது புராணத்தில் மட்டும் நிகழ்வதன்று.