ஒட்டில் பிறந்த அம்பு

அம்பு எதில் பிறந்தது என்று கேட்டால் பலரும் கல்முனையைத்தான் கைகாட்டுவார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளும் அதையே காட்டுகின்றன. ஆனால் கல்லைக் கூராக்கத் தெரிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் மனிதன் கையில் அம்பு வந்தது. கல் அதற்கு முன்பே இருந்தது, குச்சி இருந்தது, உதிர்ந்த இறகும் காட்டில் எப்போதும் கிடந்தது. இவற்றை ஒன்றோடொன்று பிரியாமல் சேர்க்கும் வழி பிடிபட்ட அன்றுதான் அம்பு பிறந்தது. என்னைக் கேட்டால், அம்பு பிறந்த கதை என்பது அந்த ஒட்டும் கட்டும் பிறந்த கதைதான்.

ஈட்டியிலும் கல் பொருத்தினார்களே என்று கேட்கலாம். ஈட்டிக் காம்பு கைக்கடங்கும் பருமன். நாரைச் சுற்றி இறுக்கிக் கட்ட இடம் உண்டு. அம்புத் தண்டோ சுண்டுவிரல் பருமன்கூட இல்லாதது. அதன் நுனியில் நகத்தளவு கல்லை உட்காரவைக்க வேண்டும். நாண் உதைக்கும் அதிர்ச்சியை அது தாங்க வேண்டும். எலும்பில் மோதினாலும் கழன்றுவிடக் கூடாது. இது வேறு வேலை.

அந்த வேலையின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டாலில், டர்பனுக்கு வடக்கே, தொங்காட்டி ஆற்றோரத்தில் உள்ள சிபுடு பாறைக்குகையில் கிடைத்தது. 1860 முதல் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போன நம்மவர்கள் கரும்பு வெட்டிய அதே நேட்டால்தான். அந்தக் குகையில் சுமார் 64,000 ஆண்டு மண்ணடுக்கில் இருந்த சின்னஞ்சிறு கல்துண்டுகளை மார்லீஸ் லொம்பார்ட், லாரல் பிலிப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கூர்ப் பக்கத்தில் ரத்தமும் எலும்புத் துகளும் ஒட்டியிருந்தன. மழுங்கிய முதுகுப் பக்கத்தில் இருந்தது பிசின். 2010-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். அம்பு என்று அடையாளம் காட்டியதில் கூருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த முதுகுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்தப் பசையை எப்படிச் செய்திருப்பார்கள்? அதே குகையைப் பல ஆண்டுகள் அகழ்ந்த லின் வாட்லி, தன் குழுவினரோடு அதைச் செய்தே பார்த்தார். வேல மர இனத்துப் பிசினை மட்டும் பூசினால், உலர்ந்ததும் நொறுங்குகிறது, ஈரக்காற்றில் இளகிவிடுகிறது. அதோடு காவிக்கல்லை இடித்த பொடியைக் கலந்தால் பசை கெட்டிப்படுகிறது. அதன் பிறகுதான் சிக்கலே. பசை பூசிய தண்டை நெருப்பருகே உலர்த்த வேண்டும். நெருப்புக்கு மிக நெருங்கினால் பசை கொதித்துக் குமிழி விடும். குமிழி விட்ட பசை ஒரே அடியில் உடையும். தள்ளி வைத்தால் உள்ளே ஈரம் தங்கும். மரத்துக்கு மரம் பிசினின் தன்மை மாறுவதால், இத்தனை பங்கு பிசின், இத்தனை பங்கு காவி என்று வாய்பாடு வைத்துக்கொள்ளவும் முடியாது. வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் பதம் பார்ப்பதுபோல, ஒவ்வொரு முறையும் கண்ணும் விரலும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நெருப்பின் அருகே உட்கார்ந்து, முன்யோசனையோடு, பல காரியங்களை ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார். அந்த மனிதருக்கும் நமக்கும் மூளையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்க முடியாது என்பதுதான் 2009-ல் வாட்லி குழுவினர் எழுதிய கட்டுரையின் சாரம்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், புலத்சிங்களவுக்கு அருகே உள்ள பாஹியன் குகை. அங்கே கல்முனைக்குப் பதில் எலும்புமுனைகள். மிகப் பழையவை ஏறத்தாழ 48,000 ஆண்டுக்கு முற்பட்டவை. அடர்ந்த மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாட இழைத்தவை. 2020-ல் வெளிவந்த ஆய்வு, மோதலில் விழுந்த முறிவுகளைப் பார்த்தது. தண்டோடு சேர்த்துக் கட்டியதற்கான தடங்களையும் பார்த்தது. இங்கும் முனை மட்டும் பேசவில்லை.

ஆனால் இந்த இடங்களிலெல்லாம் தண்டு மக்கிப் போயிற்று. குச்சி, நார், இறகு எல்லாம் மண்ணாகிவிட, கல்லும் எலும்பும் மட்டும் எஞ்சின. விதிவிலக்காக, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கருகே ஸ்டெல்மோரில், 1930-களில் தொல்லியலாளர் ஆல்ஃபிரட் ருஸ்ட் சேற்றுக்கடியிலிருந்து சுமார் நூறு பைன் மர அம்புகளை எடுத்தார். பதினோராயிரம் ஆண்டுக்கு முந்தியவை. சிலவற்றில் முன்துண்டு தனி, பின்தண்டு தனி. ஒன்றில் ஒன்று பொருந்தும்படி வெட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அவை அழிந்துபோயின. சேறு காப்பாற்றிக் கொடுத்ததைப் போர் கொண்டுபோயிற்று; ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பனி காப்பாற்றியது ஒன்று இருக்கிறது. 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி–ஆஸ்திரிய எல்லையருகே, மலையேறிகள் கண்ட ஏட்ஸி என்ற 5,300 ஆண்டுப் பனிமனிதர். அவருடைய தோல் அம்பறாத்தூணியில் 14 அம்புகள். செய்து முடித்தவை இரண்டே, மற்ற 12 பட்டை உரித்த குச்சிகள், கல்லும் இறகும் ஏறாதவை. பெரும்பாலும் வைபர்னம் என்ற புதர்ச்செடியின் நேரான இளங்கிளைகள், முக்கால் மீட்டருக்கும் கூடுதலான நீளம். ஒரு பட்டறையின் பாதி வேலையை அப்படியே தூக்கி வைத்தாற்போல இருப்பதால், முடிந்த இரண்டைவிட முடியாத பன்னிரண்டே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

முடிந்த இரண்டில் ஒட்டு எப்படி என்று பாருங்கள். தண்டின் நுனியைப் பிளந்து சிக்கிமுக்கிக் கல்லைச் செருகி, பிர்ச் மரப்பட்டையை நெருப்பில் வாட்டி வடித்த கருந்தாரால் ஒட்டி, நூலால் சுற்றியிருக்கிறார்கள். இமயத்தில் எழுதுவதற்குப் பட்டை தந்த பூர்ஜ மரத்தின் இனம்தான் பிர்ச். பின்முனையில் மூன்று இறகுப் பாதிகள். அவற்றையும் அதே தாரில் பதித்து, மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றி, இறகின் இழைகளுக்கு நடுவே ஓட்டியிருக்கிறார்கள். ஒரு அம்பில் முன்துண்டு வேறு மரம். பறக்கும்போது இறகு காற்றைப் பிடித்து வாலை இழுத்துவைக்கும். அதனால் முனை முன்னேயே நிற்கும். நாண் உதைத்ததும் தண்டு பாம்பாய் நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகும். நெளிவு கூடினாலும் குறைந்தாலும் குறி தப்பும். 1930-களில் அதிவேகப் படங்கள் இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டின. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே கைவினைஞர்கள் விரலால் வளைத்துப் பார்த்துக் குச்சியைத் தேர்ந்தார்கள்.

2001-ல் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் ஏட்ஸியின் இடது தோளில் ஒரு கல்முனை தெரிந்தது. அவரைக் கொன்றது அதுதான். அதன் தண்டு அங்கில்லை.

பிரிய வேண்டிய ஒட்டும் உண்டு. நமீபியா, போட்ஸ்வானா பகுதிகளின் சான் வேட்டைக்காரர்கள் நாணல் தண்டில் ஒரு சிறு எலும்பு இணைப்பை வைத்து, அதில் முனையைப் பொருத்துவார்கள். விலங்கின் மேல் பட்டதும் நாணல் கழன்று விழும். நஞ்சு பூசிய முனை உள்ளேயே தங்கும். நஞ்சு ஒரு வகை வண்டின் புழுவிலிருந்து வருவது. கை கீறாதிருக்க அதைக் கூரில் பூசாமல் பின்னால் பூசுவார்கள். பக்கத்தில் பதுங்கிப் போய் எய்வதால் இந்த அம்புக்கு இறகே இல்லை. எங்கே இறுக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்று தெரிந்தவர்களின் வேலை இது.

தமிழ்நாட்டில் தேரிக்காட்டுச் செம்மணலிலும் இந்தக் கதையின் துண்டுகள் கிடக்கின்றன. சாயர்புரம் போன்ற இடங்களில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி ஸூய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956-ல் எழுதினார்கள். படிகக்கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்த பிறை வடிவத் துண்டுகள் அவற்றில் உண்டு. தண்டு, நார், பிசின் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் அப்படி ஒரு துண்டு பட்டால், தயவுசெய்து எடுத்துப் பையில் போடாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். மழுங்கிய முதுகில் பிசினின் சிறு தடம் ஒட்டியிருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.