நாற்பது வாட்

தமிழ்நாட்டின் மின்கட்டண ஆணைகளில் குடிசைக்கு ஓர் இலக்கணம் உண்டு. 250 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. சுவர் மண். மேலே கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் என்று ஏதாவது ஒன்று. இதற்குள் அடங்கிய வீடு ‘1-பி’ என்ற பிரிவில் வரும். பில் கிடையாது, அரசாங்கமே ஈபிக்குக் கட்டிவிடும். பதிலுக்கு ஒரு நிபந்தனை. ஒரே ஒரு விளக்கு, அதுவும் 40 வாட்டுக்கு மிகாமல்.

கட்டண ஆணைகளை யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. ட்ரிபிள் ஈ படித்துவிட்டு ஐ.டி.யில் கோட் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு எப்படியோ அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. படித்த பாடத்துக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாதவர்கள் ராத்திரிகளில் இப்படித்தான் எதையாவது செய்வார்கள் போல. அந்த 40 என்ற எண் என்னை விடவே இல்லை. ஒரு ஏழை வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்து, ஒரு விடை கண்டு, அதைச் சட்டமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். சோலார், எல்இடி என்று இன்று நாம் பேசுகிற கதையை இந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

40 வாட் குண்டு பல்பு தருவது ஏறக்குறைய 400 லூமென் வெளிச்சம். வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் ஒளியாகும், மீதியெல்லாம் சூடு. ஆனாலும் அதற்கு முன்னால் இருந்த சிம்னி விளக்கோடு ஒப்பிட்டால் அது சூரியன். மண்ணெண்ணெய்த் திரி விளக்கின் வெளிச்சம் பத்து லூமெனைத் தொட்டாலே பெரிது. எங்கள் ஆயா வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த மண் சுவரில் மேலே ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டு, பல்பை அந்த ஓட்டைக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பல்பு, இரண்டு அறை. அந்தக் காலத்துக் குடிசைகள் பலவற்றில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரியில் ‘ஒளியமைப்பு’ பாடம் நடத்தியவர் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

குடிசைக்கு ஒரு விளக்கு வந்ததே பிந்தித்தான். நம் மாநிலத்தில் 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்துவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. ஆனால் ‘மின்மயமான கிராமம்’ என்பதற்கு அன்றைய அளவுகோலைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1997 வரை, ஊரின் வருவாய் எல்லைக்குள் ஏதாவது ஒரு காரியத்துக்கு மின்சாரம் பயன்பட்டால் போதும், ஊர் மின்மயமாகிவிட்டதாகக் கணக்கு. வயல் நடுவே ஒரு மோட்டார் கொட்டகைக்குக் கரண்டு வந்தால் ஊரே பிரகாசம். பத்தில் ஒரு வீட்டுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2004-இல்தான் சேர்ந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு வீடுகளில் 78 சதவீதம்தான் விளக்குக்கு மின்சாரத்தை நம்பியிருந்தன. மற்ற வீடுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான். பைக்காரா வந்து எழுபது வருஷம் ஆகியிருந்தது அப்போது.

எங்கள் ஊர் கோலியனூர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் ஐந்தாறு கிலோமீட்டரில் வரும். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கோலியனூர் என்றால் கூட்ரோடுதான். நேராகப் போனால் வளவனூர், புதுச்சேரி. வலப்பக்கம் திரும்பினால் பண்ருட்டி, அதற்கும் அப்பால் நெய்வேலி. இந்த இரண்டு சாலைகளும் எனக்கு மின்சாரத்தின் இரண்டு வழிகளாகத் தெரிய ஆரம்பித்தது ரொம்பப் பின்னால்தான்.

நெய்வேலிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1957-இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1962-இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பிறகு 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையத்தை 2020-இல் மூடினார்கள். தென்னார்க்காட்டின் பழுப்பு நிலக்கரி சென்னை வரைக்கும் விளக்கேற்றியது. சுரங்கத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளியிருந்த எங்கள் தெருவில் 40 வாட்.

இன்னொரு சாலைப் பக்கம், இதே விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், ஆரோவில். 1968-இல் வெறும் செம்மண் மேட்டில் தொடங்கிய குடியிருப்பு. கம்பி வராத இடத்தில் வீடு கட்டியவர்கள் என்பதால் சூரியத் தகடு அவர்களுக்கு ஃபேஷனாக வரவில்லை, தேவையாக வந்தது. 1990-களின் கடைசியில் மாத்ரிமந்திர் அருகே 484 தகடுகளோடு 36 கிலோவாட் மின்நிலையம் நிறுவினார்கள். பொதுச் சமையல்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று வெயிலைக் குவித்து நீராவியாக்கிச் சோறு வடித்தது. அங்கிருந்து சோலார் பம்புகளையும் விளக்குகளையும் வெளியே கொண்டுபோன ‘ஆரோர்’ என்ற அமைப்புக்கு 2004-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. எங்கள் ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ‘வெள்ளக்காரங்க ஊரு’ என்பதோடு சரி. கோலியனூரிலிருந்து கூலி வேலைக்குப் போய்வந்தவர்கள் தகடுகளைப் பார்த்திருப்பார்கள். ‘நமக்கெதுக்கு அதெல்லாம்’ என்று நினைத்திருந்தால் அதில் தப்பும் இல்லை, அப்போதைய விலை அப்படி.

இந்த இரண்டு சாலைகளும் ஒரு குடிசை வாசலில் சந்தித்தது 2011-இல். அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, ‘சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஐந்தாண்டுகளில் 3 லட்சம். வீடு 300 சதுர அடி. முதலில் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 விளக்குக்கு மட்டும். கான்கிரீட் கூரைமேல் தகடு, உள்ளே பேட்டரி, ஐந்து சிஎஃப்எல் விளக்குகள். முழுச் செலவும் மாநில அரசுடையது.

அந்த ஐந்து விளக்குகள் எங்கெங்கே என்று பாருங்கள். படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, தாழ்வாரம். பழைய விதி வாட்டை எண்ணியது. இந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் அறைகளை எண்ணினார்கள். இது சின்ன வித்தியாசம் இல்லை. ராத்திரியில் ஒரு பெண் கழிவறைக்குப் போக வேண்டும், அடுப்படியில் ஒருத்தி குழம்பு தாளிக்கும்போதே கூடத்தில் பிள்ளை படிக்க வேண்டும், வாசலில் பாம்பு கிடந்தால் தெரிய வேண்டும் என்பதெல்லாம் ஒரு அரசாணைக்குள் நுழைந்தது. சுவரில் ஓட்டை போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இதன் மதிப்பு தெரியும். அரசு வீட்டுத் திட்டங்களைத் ‘தொகுப்பு வீடு’ என்று இளக்காரமாகச் சொல்லிப் பழகிய நாம், இந்த ஒரு இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். இதிலும் வெளியே நின்றவர்கள் உண்டு. வீட்டு மனைக்குப் பட்டா இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த ஐந்தும் இல்லை.

வந்த நேரமும் அப்படி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, ஆயிரக்கணக்கில் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அது சரியாவதற்குள் 2012. மாநிலத்துக்கு ஏறக்குறைய 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னையில் ஓரிரு மணி நேர வெட்டு, மற்ற ஊர்களில் பன்னிரண்டு, பதினாலு, சில நாள் பதினாறு மணி நேரம். அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பவர் சிஸ்டம் புத்தகத்தை மெழுகுவர்த்தியில் படித்த தலைமுறை நாங்கள். அந்த இருட்டில் எங்கள் பக்கத்தில் வெளிச்சமாக இருந்தவை இன்வெர்ட்டர் வைத்த மாடிவீடுகளும் புதுசாகக் கட்டிய ஒரு சில பசுமை வீடுகளும். ஊரில் பாதிப் பேருக்கு வயிறெரிச்சல்.

எரிச்சல் தீர இரண்டு மூன்று வருஷம் ஆனது. கரண்டு திரும்பியது, பேட்டரிகள் சாக ஆரம்பித்தன. தகடு 25 வருஷம் உழைக்கும். சிஎஃப்எல் சில ஆயிரம் மணி நேரம். ஈய-அமில பேட்டரி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருஷம். ஒரே கம்பியில் மூன்று ஆயுள்களைக் கட்டினால் குறைந்த ஆயுளுள்ளதுதான் கணக்கு. அடிவரை காலி செய்துகொண்டே இருந்தால் தகட்டில் சல்பேட் படியும், டிஸ்டில்டு வாட்டர் குறைந்தால் இன்னும் சீக்கிரம் போகும். இது வேதியியல், யார்மீதும் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் புது பேட்டரியின் விலை ஒரு கூலிக் குடும்பத்தின் பல வாரச் சம்பளம். இந்த மாதிரி வீட்டு விளக்குகள் பொதுவாக 12 வோல்ட் டிசியில் ஓடுபவை, ஃபியூஸ் போனால் பெட்டிக்கடையில் வாங்கிய பல்பை மாட்ட முடியாது. பசுமை வீட்டில் இருக்கும் எங்கள் அத்தை, நாலாம் வருஷம் ஈபி கம்பியிலேயே எல்லா விளக்கையும் மாற்றிக்கொண்டார். தகடு மாடியில் அப்படியே இருந்தது. பக்கத்தில் மிளகாய் காயும்.

இதற்கிடையே உலகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1993-இல் ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்துகாட்டினார். சிவப்பும் பச்சையும் ஏற்கெனவே இருந்தன, நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. இதற்காக அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014-இல் நோபல். அடுத்த ஜனவரியில் இந்தியாவில் ‘உஜாலா’ திட்டம். ஒன்றிய அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. மொத்தம் 36 கோடிக்கு மேல் பல்புகள். இதற்குமுன் 2009-இல் கார்பன் கிரெடிட்டை நம்பி 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் தரும் திட்டம் ஒன்று வந்து, கார்பன் சந்தை சரிந்ததும் படுத்துவிட்டது. அதை இப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போது அந்த 40 வாட்டுக்குத் திரும்புவோம். 9 வாட் எல்இடி ஒன்று ஏறக்குறைய 900 லூமென் தருகிறது. ‘ஒரே விளக்கு’ என்ற சொல்லை மறந்துவிட்டு, 40 வாட் என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், நாலு எல்இடி போடலாம், 36 வாட்தான் ஆகும். வெளிச்சம் 3,600 லூமென். ஆயாவின் பல்பைப்போல ஒன்பது மடங்கு. அன்றைக்குக் கஞ்சத்தனமாக எழுதிய எண், தொக்குஷிமாவில் ஒருவர் ஆய்வகத்தில் மல்லாடியதால் தாராளமாகிவிட்டது. குடிசைக்கு டிவி, பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று அரசு இலவசமாகக் கொடுத்தபோது, அவற்றுக்கும் ‘1-பி’ விதியில் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆணையைத் திருத்தம் திருத்தமாகப் படித்தால் தமிழ்நாட்டின் தேர்தல் வாக்குறுதிகள் வரிசையாகத் தெரியும்.

மாடித் தகடு இப்போது வேறு வர்க்கத்துக்குப் போய்விட்டது. 2012 அக்டோபரில் வந்த மாநில சூரியசக்திக் கொள்கைக்குப் பிறகு, 1 கிலோவாட் போடும் வீட்டுக்கு மாநில அரசு 20,000 ரூபாய் மானியம் தந்தது. 2024 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் ‘சூர்ய கர்’ திட்டம், 3 கிலோவாட்டுக்கு 78,000 தருகிறது, இலக்கு 1 கோடி வீடுகள். நல்ல திட்டம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 150 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? ஏசி ஓடுகிற வீட்டுக்குத்தான் தகடு லாபம். இடமும் வேண்டும். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்பது பொதுவான கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 300. பசுமை வீடு முழுசுமே 300 சதுர அடி.

இந்தப் புதுத் தகடுகளில் இன்னொரு விஷயம் உண்டு, போட்டவர்களில் பலருக்கே தெரியாது. பேட்டரி இல்லாமல் ஈபி கம்பியோடு இணைத்த தகடு, ஈபி கரண்டு நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலைசெய்யும் லைன்மேன்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. அவசியமான விதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றபோது அந்த விதி வேலைசெய்தது. மழை விட்டு வெயில் வந்த அன்று, மாடியில் புதுசாகத் தகடு போட்டிருந்த எதிர்வீட்டுப் பெரியப்பா எனக்குப் போன் செய்தார். “ஏம்பா, நீ கரண்டுக்குத்தான படிச்ச? வெயிலு இப்படி காயுது, மேல தகடும் இருக்குது, அப்புறம் ஏன் ஒரு லைட்டும் எரியமாட்டேங்குது?” லைன்மேன் கதையைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை.

அவர் போனும் ஆஃப் ஆகும் நிலையில்தான் இருந்தது. சார்ஜ் போட அத்தை வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அத்தை மகன் டிராக்டரிலிருந்து 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வந்து, பழைய சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டி, மாடியில் மிளகாய்க்குப் பக்கத்தில் பல வருஷமாகச் சும்மா கிடந்த தகட்டோடு இணைத்திருந்தான். கார் சார்ஜர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தான். அன்று சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில் பதினோரு போன்கள் முறை வைத்துக் காத்திருந்தனவாம். தாழ்வாரத்தில் ஒரு சின்ன டிசி பல்பும் எரிந்திருக்கிறது.