அழகர் ஆற்றில் இறங்கிய கதையும் நமது நினைவும்



மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்மலையைச் சிலப்பதிகாரம் திருமால்குன்றம் என்று கூறும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரை நோக்கி நடந்தபோது, அவர்களுக்கு வழி கூறிய மாங்காட்டு மறையோன், இம்மலையின் பிலத்துள் மூன்று பொய்கைகள் உண்டு என்றான். அவற்றுள் ஒன்று பவகாரணி. அதில் மூழ்கினால் பழம்பிறப்பின் செய்திகளெல்லாம் அறியலாமாம். கவுந்தியடிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. முற்பிறப்பில் எய்தியவற்றை இப்பிறப்பிலேயே காண்கிறோமே என்னும் கருத்துப்பட விடை கூறினார்.

முற்பிறப்பு ஒருபுறம் இருக்கட்டும். சென்ற சித்திரையில் நாம் கண்ணாரக் கண்டதேனும் நம் நினைவில் பழுதின்றி இருக்கிறதா? இக்கேள்விக்கு விடை காண, அதே மலையிலிருந்து ஆண்டுதோறும் புறப்பட்டு வரும் அழகரையே துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

அறிவுக்கு முதல் வாயில் புலன்கள். உடம்பு, நா, மூக்கு, கண், செவி என்று ஐந்து புலன்களை வரிசைப்படுத்தி, அவற்றின் மேல் மனத்தை ஆறாவதாக வைத்து உயிர்களை வகுத்தது தொல்காப்பிய மரபியல். மனத்தைத் தனியே எண்ணியது எவ்வளவு நுட்பம் பாருங்கள்! கண் ஒளியை வாங்குகிறது. வாங்கியது இன்னது என்று முடிவு செய்வது மனம். அந்த முடிவில் முன்னறிவும் எதிர்பார்ப்பும் கலந்துவிடுகின்றன. 

நான் ஆசிரியனாக இருந்தபோது ஒரு சிறு சோதனை செய்தேன். சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளி திறந்ததும், ஆற்றில் இறங்கிய அழகர் எந்நிறப் பட்டு உடுத்தியிருந்தார், நீ எங்கே நின்று பார்த்தாய் என்று இரண்டே கேள்விகளை எழுதச் சொன்னேன். பச்சைப் பட்டு உடுத்தினால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கையாதலால், நிறத்தைப் பற்றிய பேச்சு அந்நாளில் ஊரெங்கும் இருக்கும். மாணவர் எல்லாரும் தயங்காமல் நிறத்தை எழுதினர். இரண்டாம் கேள்விக்கான விடைகளைப் படித்தபோதுதான் வியப்பு வந்தது. குதிரை வாகனத்தின் குடைகூடக் கண்ணில் படாத இடத்தில் நின்றவர்களும் பட்டைக் கண்டதாகவே எழுதியிருந்தனர். அவர்கள் பொய்யர் அல்லர். காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாக அவர்கள் மனம் மாற்றி வைத்துக்கொண்டது, அவ்வளவே.

நினைவை முதன்முதல் முறையாக அளந்தவர் ஜெர்மானியரான எப்பிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே நழுவிவிடுகிறது. அதன் பின்னரோ மறதி மெல்ல மெல்லவே நடக்கிறது என்று கண்டார். தேர்வுக்கு முதல்நாள் இரவு மட்டும் படிப்போர் இவரை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால் வாழ்க்கையில் நாம் நினைவு கொள்வது பொருளற்ற அசைகளை அல்லவே! இதனை எடுத்துக்காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பார்ட்லெட். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர் சிலரிடம் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்தும் திங்கள்கள் கழித்தும் திரும்பச் சொல்லச் செய்தார். கதையில் வந்த மரத்தோணி அவர்கள் வாயில் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. விளங்காத ஆவிகள் பலர் கூற்றில் மறைந்தே போயின. நினைவு என்பது இட்டதை இட்டபடியே திருப்பித் தரும் நெற்களஞ்சியம் அன்று. ஆண்டுதோறும் கிடைத்த ஓலையைக் கொண்டு மீண்டும் வேயும் கூரை போன்றது என்பதே அவர் 1932-இல் வெளியிட்ட நூலின் சாரம்.

இனி மதுரைக்கு வருவோம். அழகர் ஏன் வைகைக்கு வருகிறார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும். தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீர்வரிசையுடன் அண்ணன் வருகிறார். ஆற்றங்கரையை அடையும்போது திருமணம் முடிந்துவிட்ட செய்தி எட்டுகிறது. சினம் கொண்டு, மதுரைக் கோயிலுக்குள் வாராமலே திரும்பிவிடுகிறார். கேட்போர் நெஞ்சை உருக்கும் கதை இது. தாய்மாமன் சீருக்கும் அண்ணன் உறவுக்கும் உயிரைக் கொடுக்கும் ஊரில் இக்கதை பிறக்காமல் வேறெங்கே பிறக்கும்!

கோயில் மரபு கூறும் காரணமோ வேறு. துருவாச முனிவரின் சாபத்தால் தவளையான சுதபசு முனிவருக்கு, அதாவது மண்டூக முனிவருக்கு, விமோசனம் அளிக்கவே அழகர் வைகைக்கு எழுந்தருளுகிறார். முற்காலத்தில் அவர் சென்றது சோழவந்தானை அடுத்த தேனூருக்கு. மீனாட்சியின் திருமணமோ மாசித் திங்களில் நடந்துவந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அத்திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரின் வருகையையும் மதுரைக்குத் திருப்பினார் என்பர். சைவ விழாவும் வைணவ விழாவும் இவ்வாறு அடுத்தடுத்த நாள்களில் வந்து நின்றன.

ஓர் அரசர் ஆணையிட்டால் நாள் மாறும். ஆனால் திருமணம் முடிந்த பின்னர் அண்ணன் ஏன் வருகிறார் என்ற கேள்விக்கு ஆணையில் விடை இராது. அந்த இடைவெளியை மக்கள் மனம் நிரப்பியது. தெரிந்த உறவுமுறை ஒன்றைக் கொண்டுவந்து, தாமதம் என்றும் சினம் என்றும் காரணம் கற்பித்து, இரு விழாக்களையும் ஒரே கதையாகத் தைத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் சிலரிடம் பார்ட்லெட் கண்டதை இங்கே ஓர் ஊரே செய்திருக்கிறது. இக்கோயிலுக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் உள்ள உறவைப் பேராசிரியர் தொ. பரமசிவன் தமது ‘அழகர் கோயில்’ நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

கதை பொய், ஆவணமே மெய் என்று தள்ளிவிடுவோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாயக்கர் காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு அக்கதை சான்றாகாது என்பது உண்மையே. ஆயினும் நடந்ததை மக்கள் எவ்வாறு உணர்ந்து ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவதுதான் பிழை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கதை மறந்துவிட்டதைச் சில சமயம் ஒரு பெயர் காப்பாற்றி வைக்கும். ஆற்றில் இறங்கிய அழகர் பின்னர் வண்டியூர்ப் பக்கம் சென்று, வைகையில் உள்ள ஒரு மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளி, மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கிறார். தங்கையின் திருமணத்திற்கு வந்தவருக்குத் தவளையிடம் என்ன வேலை என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. தேனூர் அங்கிருந்து நெடுந்தொலைவில், மேற்கே கிடக்கிறது. மண்டபத்தின் பெயர் மட்டும் இன்றும் தேனூர் மண்டபம்.