தாய் மரமும் நாட்டுப் பசுவும்

ஒரு நல்ல மரத்தின் விதையை எடுத்து நட்டால், அதே போன்ற நல்ல மரம் வருமா?

விவசாயம் படிக்கப் போகும் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே கேட்கப்படும் கேள்வி இது. "வரும்" என்று பலர் கை தூக்குவார்கள். "வரலாம், வராமலும் போகலாம்" என்பதே சரியான பதில். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க மலாயா பல ஆண்டுகள் செலவிட்டது. அதற்கான பாடசாலையாக விளங்கியது கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டப்புறம். அங்கே கத்தியும் வாளியும் பிடித்து நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

இந்தக் கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின.

அந்தக் கன்றுகளை உடனே யாரும் மதிக்கவில்லை. சிலாங்கூரில் அன்று காப்பிக்குத்தான் மவுசு. 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தார். அவருக்குக் கிடைத்த பட்டம் "பைத்தியக்கார ரிட்லி". பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகே கண்கள் திறந்தன. மோட்டார் வாகனங்களுக்கு டயர் தேவைப்பட்டது. கிள்ளானிலும் காஜாங்கிலும் காடுகள் ரப்பர் தோட்டங்களாக மாறின. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள்.

மங்கு சொன்ன உண்மை

அன்று நடப்பட்டவை எல்லாம் விதைக் கன்றுகள். வரிசையாக நின்ற மரங்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. ஆனால் பால் வெட்டியவர்களுக்கு உண்மை தெரியும். ஒரு மரத்தின் மங்கு நிரம்பி வழியும். பக்கத்து மரத்தின் மங்கில் அடி நனைந்திருக்கும். ஒரே மண், ஒரே மழை, ஒரே வயது. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ரப்பர் மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. சிறு பூச்சிகள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன. எனவே ஒரு விதைக்குத் தாய் எது என்று தெரியும். தகப்பன் எது என்று தெரியாது. தாய் மரத்தின் குணத்தில் பாதிதான் விதைக்குள் இருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் நான்கு விதமாக இருப்பதைப் போல, ஒரு மரத்தின் விதைகளும் நூறு விதமாக முளைக்கின்றன. மரபியல் பாடத்தின் முதல் படி இதுதான்.

இதற்கு வழி ஜாவாத் தீவிலிருந்து வந்தது. 1910-களின் பிற்பாதியில் அங்கிருந்த டச்சுக்காரர்கள் ரப்பரில் மொட்டு ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். சாதாரண விதைக் கன்றின் அடித்தண்டில் பட்டையைச் சன்னல் போலக் கீறித் திறப்பார்கள். அதிகப் பால் தரும் தாய் மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து அந்தச் சன்னலுக்குள் பொருத்திக் கட்டுப் போடுவார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்க்கும்போது மொட்டு பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. அதற்கு மேலுள்ள பழைய தண்டை வெட்டி விடுவார்கள். வேர் ஒரு மரத்துடையது. மேலே வளர்வது தாய் மரத்தின் அச்சு அசலான நகல். ஒரு தாய் மரத்திலிருந்து இப்படி ஆயிரம், பத்தாயிரம் மரங்களை உண்டாக்கலாம். அத்தனையும் ஒரே குணம் கொண்டவை.

பெரும் போரின் பெயரில் ஒரு தோட்டம்

கோலாலம்பூருக்குத் தெற்கே 1921-இல் ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் தொடங்கியதால் அதற்குப் பிராங் பெசார் என்று பெயர். மலாய் மொழியில் "பெரும் போர்" என்று பொருள். காஜாங் வட்டாரத்தில் அதிகப் பால் தந்த மரங்களைத் தேடித் தேடி, அவற்றின் மொட்டுகளைக் கொண்டு வந்து இங்கே ஒட்டினார்கள். அப்படிப் பிறந்த ரகங்களுக்குத் தோட்டத்தின் பெயரிலேயே பி.பி. என்று முத்திரை குத்தி எண் கொடுத்தார்கள். அவற்றுள் புகழ் பெற்றது பி.பி. 86.

இதே காலத்தில், 1925-இல், மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் தோன்றியது. அதன் பெரிய சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. அங்கே நடந்தது அடுத்த படி. நல்ல மரத்தை நகல் எடுப்பதோடு நிற்காமல், இரண்டு நல்ல மரங்களைக் கலந்து இன்னும் நல்லதை உண்டாக்க முயன்றார்கள்.

ஒரு மரத்தின் ஆண் பூவிலிருந்து மகரந்தத் தண்டை எடுத்து, இன்னொரு மரத்தின் பெண் பூவுக்குள் வைத்து, பூவைப் பஞ்சால் மூடுவார்கள். நூறு பூவில் சில பூக்களே காயாகும். காய் முற்ற ஐந்து மாதங்களுக்கு மேலாகும். விதையை நட்டு, கன்றை வளர்த்து, பால் வெட்டி அளந்து, மொட்டெடுத்து ஒட்டி, மீண்டும் அளந்து முடிப்பதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிடும். பொறுமைதான் இந்த அறிவியலின் முதலீடு.

1937-க்கும் 1941-க்கும் இடையே நடந்த கலப்புகளிலிருந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600 வரிசை பிறந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்தின் பெற்றோர், ஜாவாவின் ச்சிர் 1, பிராங் பெசாரின் பி.பி. 86. பழைய விதை மரங்கள் எக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கிலோ ரப்பர் தந்த இடத்தில், இந்தப் புதிய ரகங்கள் அதைப்போல் மூன்று மடங்கு தந்தன. தாய்லாந்திலும் அது பெருமளவில் நடப்பட்டது.

மரத்துக்குப் பதிவு, மனிதனுக்கு?

நேயர்கள் இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். சுங்கை பூலோவில் ஒவ்வொரு மரத்துக்கும் பதிவேடு இருந்தது. தாய் எது, தகப்பன் எது, எந்த வரிசையில் நிற்கிறது, எவ்வளவு பால் தந்தது என்று எழுதி வைத்தார்கள்.

அதே 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய அவமானத்துக்கு முடிவு ஆகியவை அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். நாதன் கைது செய்யப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஏராளம். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். மரத்தின் மூன்று தலைமுறை வரலாறு ஏட்டில் இருந்தது. அந்த மரத்தை வெட்டியவரின் ஒரு தலைமுறைக்குக்கூடக் காகிதம் இல்லை.

லயத்துக் கொட்டகையில் இன்னொரு பாடம்

மரத்துக்குச் சொன்ன அதே விதி மாட்டுக்கும் பொருந்தும். நம்மவர்கள் இங்கு வந்தபோது இந்திய மாடுகளும் வந்தன. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் பால் கறந்த குடும்பங்கள் பல. சம்பளம் வயிற்றுக்கு, மாட்டு வருமானம் பிள்ளையின் படிப்புக்கும் மகளின் கல்யாணத்துக்கும். அந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் "உள்நாட்டு இந்தியக் கறவை மாடு" என்று தனி இனமாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

திமில் உள்ள இந்திய மாடு வெயிலைத் தாங்கும்; உண்ணித் தொல்லையைச் சமாளிக்கும்; பால் குறைவு. ஐரோப்பாவின் ஃப்ரீசியன் மாடு பாலை ஊற்றும். ஆனால் இந்த வெப்பத்தில் மூச்சு வாங்கும், தீனி குறையும், சினை பிடிக்காது. இரண்டையும் கலந்தால்? பஞ்சாபின் சாகிவால் இனத்தையும் ஃப்ரீசியனையும் கலந்து இந்நாட்டில் உருவாக்கப்பட்டதுதான் மாஃப்ரிவால். தாங்கும் சக்தி ஒரு பக்கத்திலிருந்தும், பால் மறு பக்கத்திலிருந்தும் வந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஒட்டு மரம் தாயின் முழு நகல். சினை ஊசியில் வரும் காளையின் வித்து, கன்றுக்குப் பாதிக் குணத்தையே தருகிறது; மறுபாதி தாய்ப் பசுவுடையது. அதனால்தான் சிறந்த காளையின் ஊசி போட்டும் எல்லாக் கன்றும் சிறந்ததாக வருவதில்லை. முதல் கலப்பில் தெரியும் வீரியமும் அடுத்த தலைமுறையில் சிதறிப் போகலாம். எனவே எதை எதோடு கலந்தோம் என்று குறித்து வைக்காதவன் மாட்டுப் பண்ணை நடத்த முடியாது.

தீனியிலும் ஒரு பாடம் உண்டு. மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே மனிதனால் செரிக்க முடியாத புல்லைச் செரித்துக் கொடுக்கின்றன. ரப்பர் நிழலில் வளர்ந்த புல் பாலானது. சாணம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கத்தரிக்கும் கீரைக்கும் உரமானது. இன்று ஒருங்கிணைந்த பண்ணையம் என்று கல்லூரியில் நடத்தப்படும் பாடம், அன்று லயத்துக் கொல்லையில் நடந்து கொண்டிருந்தது.

பால் வெட்டுக்கு விடியுமுன் போக வேண்டியதும் அறிவியலே. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போது கீறினால் பால் நன்றாக ஓடும். இந்த விளக்கத்தை யாரும் தொழிலாளியிடம் சொன்னதில்லை. ஆனால் அவர் தவறியதே இல்லை.

பெயர் மட்டும் வாழ்கிறது

பிராங் பெசார் தோட்டம் இன்று இல்லை. 1995-இல் அங்கே கட்டுமானம் தொடங்கியது. எழுந்த நகரம் புத்ராஜெயா. தோட்ட மக்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். தரை வீடு வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. மாடி வீட்டில் மாட்டுக்கு ஏது இடம்? சுங்கை பூலோ ஆய்வு நிலத்தின் பெரும்பகுதியும் 2010-களில் ஊழியர் சேமநிதி வாரியத்தின் நகர்த் திட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு வைத்த பெயர் குவாசா டாமன்சாரா.

ஆனால் ரகங்கள் சாகவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெரும்பகுதியில் நிற்பது ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. அதன் பெற்றோரில் ஒன்று அதே ஜாவாவின் ச்சிர் 1. மற்றது மலாயாவின் கிளென்ஷீல் தோட்டத்து மரம். தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்து வளர்த்த மரத்தின் வாரிசு, இன்று தமிழக மண்ணிலேயே பால் சுரக்கிறது.

செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமான நிலையம், இன்று புத்ரா பல்கலைக்கழகம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இரயில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், மண்ணையும் மாட்டையும் பிள்ளைகளின் பேச்சிலிருந்தே ஒதுக்கிவிட்டன. அது பட்ட கஷ்டத்தின் விளைவு; குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் தாத்தாவின் கை அறிந்ததைப் பேரன் ஏட்டில் படித்தால், அது பின்னோக்கிப் போவதாகாது. அவருக்குக் கிடைக்காத காகிதத்தை அவர் பெயரால் வாங்குவதாகும்.

தாத்தாவோ பாட்டியோ இன்னும் வீட்டில் இருந்தால், எந்த மரம் அதிகம் பால் தந்தது, எந்த மாடு எந்த மாட்டின் கன்று என்று கேட்டு எழுதி வையுங்கள். மரத்துக்கு இருந்த பதிவேடு அவர்களுக்கும் இருக்கட்டும்.