கோழி

கோழி, உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பறவை. 2,000 கோடிக்கு மேற்பட்ட கோழிகள் இன்று உலகில் உள்ளன. ஆண் சேவல் என்றும் பெண் பெட்டை என்றும் அழைக்கப்படுகின்றன. முட்டை 21 நாள் அடைகாக்கப்பட்டபின் குஞ்சு பொரிக்கும்.

மூதாதை

காட்டுக்கோழிகள் நான்கு வகைப்படும். செங்காட்டுக்கோழி வட இந்தியா முதல் தென்கிழக்காசியா வரையிலும், சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்திலும், பச்சைக் காட்டுக்கோழி ஜாவாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் வாழ்கின்றன. நான்காவது வகை இலங்கைக்கே உரியது. அந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே.

வளர்ப்புக் கோழி செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று சார்லஸ் டார்வின் 1868இல் எழுதினார். 2020இல் 863 பறவைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் ஸ்பேடிசியஸ் என்னும் துணையினமே முதன்மை மூதாதை என்றும் அது காட்டியது. ஆயினும் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்பதை 2008இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

வளர்ப்பின் தொடக்கம்

வட சீனாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோழி வளர்க்கப்பட்டதாக நெடுநாள் கருதப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புகள் வேறு காட்டுப் பறவைகளுடையவை என்பது மறு ஆய்வில் தெரிந்தது. 89 நாடுகளில் 600க்கு மேற்பட்ட இடங்களின் சான்றுகளைச் சீர்தூக்கிய 2022ஆம் ஆண்டு ஆய்வு, மிகப் பழைய உறுதியான எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்தவை என்றது. அவற்றின் காலம் கி.மு. 1650–1250.

அக்காலத்தில் அப்பகுதியில் மானாவாரி நெல்லும் தினையும் பயிராயின. சிந்திய தானியம் காட்டுக்கோழிகளை ஊர்ப்பக்கம் ஈர்த்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பரவல்

கி.மு. 800 வாக்கில் கோழி மத்தியதரைக்கடல் பகுதியை எட்டியது. ஐரோப்பாவில் தொடக்கத்தில் அது வெறும் உணவாகக் கருதப்படவில்லை. வெட்டுக்காயமின்றி முழுதாகப் புதைக்கப்பட்ட கோழிகள் பல அகழ்வுகளில் கிடைத்துள்ளன. பிரிட்டன் மக்கள் கோழி உண்பதைத் தகாததாகக் கருதினர் என்று ஜூலியஸ் சீசர் பதிவு செய்துள்ளார். ரோமானியர் காலத்தில்தான் அங்குக் கோழிக்கறியும் முட்டையும் பரவலான உணவாயின.

தமிழகத்தில்

முருகனின் கொடியில் இருப்பது சேவல். சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்ற பெயரும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டைச் சேவலுக்கு எடுக்கப்பட்ட பழைய நடுகல் வட்டெழுத்துக் கல்வெட்டோடு கிடைத்துள்ளது. வீரருக்குரிய சிறப்பு ஒரு சேவலுக்கும் கிடைத்ததற்கு இது அரிய சான்று.

பண்ணைக்கோழி

வைட்டமின் டி கலந்த தீவனம் 20ஆம் நூற்றாண்டில் வந்தபின், வெயில் படாத கொட்டகையிலும் ஆண்டு முழுதும் கோழி வளர்க்க முடிந்தது. கறிக்கும் முட்டைக்கும் தனித்தனிக் கலப்பினங்கள் உருவாயின. கறிக்கோழி சுமார் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும். காட்டில் ஆண்டுக்கு ஒருசில முறையே முட்டையிட்டு அடையில் அமரும் பறவையின் வழிவந்த பண்ணைப் பெட்டை, ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அடையில் அமரும் இயல்பு அதனிடம் பெரிதும் மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் நாமக்கல் முட்டை உற்பத்தியின் மையம்.

மரபு வளம்

பண்ணை இனங்கள் குறுகிய மரபு வட்டத்துக்குள் பெருக்கப்படுகின்றன. இன்னொருபுறம், ஊர்க்கோழிகளோடு கலப்பதால் செங்காட்டுக்கோழியின் தூய மரபு அழிந்து வருகிறது. அசில், கடக்நாத் போன்ற நாட்டு இனங்களையும் காட்டுக்கோழிகளையும் காப்பது இன்றியமையாதது. நாளை புதிய நோயோ கடும் வெப்பமோ தாக்கினால், அதைத் தாங்கும் பண்புகளைத் தேட வேண்டியது இந்த மரபு வளத்தில்தான்.